ஊசி குத்தாத செவ்வாய்க்கிழமை

எங்கள் டிப்போவில் அவரை எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பதினோரு வருடம் அவர் ஓட்டிய பேருந்தில் நான் நடத்துநராக இருந்தேன். அவர் முன்னால், நான் பின்னால், நடுவில் ஐம்பது பேர். ஒரு விசில் அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. மற்றபடி பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் கடைசி நிறுத்தத்தில் டீ குடிக்கும்போதுதான்.

அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளக்கத் தேவையில்லை. சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே அவர் கை ஹாரனில் இருக்கும். சைக்கிள்காரர், நாய், நின்றுகொண்டிருக்கும் குப்பை லாரி, யாருமே இல்லாத வெற்றுச் சாலை, எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். வீட்டிலும் அப்படியே. "பஸ்ல கையால அடிக்கிறாரு, இங்க வாயால அடிக்கிறாரு தம்பி" என்பார் அவர் மனைவி. எனக்கு அவர் அண்ணன், இவர் அண்ணி.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். தூக்கம் கெட்ட மனிதர், அவ்வளவுதான். இருபத்து நான்கு வருடமாக ஒரு வாரம் விடிகாலை வண்டி, ஒரு வாரம் மாலை வண்டி. எப்போது படுக்க வேண்டும், எப்போது எழ வேண்டும் என்பதே அவர் உடம்புக்கு மறந்துபோயிருந்தது. பசிக்கும்போது சாப்பிட நேரம் இருக்காது, நேரம் கிடைக்கும்போது பசிக்காது. வயிறு ஒரு பக்கம் மக்கர் செய்யும், கழுத்து கட்டையைக் கட்டிவைத்த மாதிரி இறுகிக் கிடக்கும். மருத்துவமனைக்குப் போகாமல் இல்லை. ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று எல்லாம் பார்த்தார்கள். எதிலும் பெரிதாக ஒன்றும் இல்லை.

"ரிப்போர்ட்டு எல்லாம் நல்லா இருக்குடா. நான்தான் நல்லா இல்ல" என்றார் என்னிடம்.

அவரை அசைத்தது உடம்பு இல்லை, மகள். கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த பெண். ஒருநாள் அண்ணி அவரிடம், குரலை உயர்த்தாமல், ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். "உங்க செருப்பு வாசல்ல கிடக்கான்னு பாத்துட்டுத்தாங்க அவ ரூம விட்டு வெளிய வர்றா. கிடந்தா உள்ளயே இருந்துக்கிறா."

அன்று கடைசி நிறுத்தத்தில் இதை என்னிடம் சொல்லிவிட்டு அவர் டீயைக் குடிக்கவே இல்லை. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆடை படியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டிப் பொருத்தும் வேலை. அந்தக் கடைக்கு மேலே, முதல் மாடியில், ஓர் அக்குபஞ்சர் சிகிச்சை நிலையம் இருந்தது. கால் இழுத்துக்கொண்டு ஏறுபவர்கள் சில வாரங்களில் கொஞ்சம் நிமிர்ந்து இறங்குவதையும், சிலர் எந்த மாற்றமும் இல்லாமல் இறங்குவதையும் அண்ணி தினமும் பார்த்திருக்கிறார். அவருக்குப் பிடித்தது வேறு ஒன்று. "உள்ள போனவங்க யாரும் அரை மணி நேரத்துக்கு முன்னாடி வெளிய வர்றதே இல்ல. என்னவோ உக்காந்து பேசுறாங்க, வைத்தியம் பாக்குற அந்தம்மா" என்றார்.

எங்களுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. "சும்மா துணைக்கு வாடா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். துணை எதற்கென்று எனக்குத் தெரியும். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மழையில் மேம்பாலம் இறங்கத் தயங்காத மனிதர், ரத்தப் பரிசோதனைக்கு ஊசியைப் பார்த்து நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தவர். அது எங்கள் இருவருக்குள் இருந்த ரகசியம்.

இருபத்திரண்டு படிகள். மேலே இரண்டு சின்ன அறைகள். முன்னறையில் மர பெஞ்சு, உள்ளறையில் திரைபோட்டுப் பிரித்த இரண்டு கட்டில்கள். காய்ந்த இலையைச் சுருட்டி எரித்த மாதிரி ஒரு வாசனை. சுவரில் ஒரு மனிதப் படம். தலையிலிருந்து கால்வரை கோடு கோடாகப் போட்டு, கோடுகளில் நெடுகப் புள்ளி வைத்திருந்தது.

"டேய், நம்ம ரூட் மேப் மாதிரி இல்ல இருக்கு?" என்றார்.

"கிட்டத்தட்ட அதேதான். ஸ்டாப்பு மட்டும் முந்நூத்து அறுபதுக்கு மேல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஐம்பதை நெருங்கும் பெண். கட்டையாக வெட்டிய முடி, கழுத்தில் கயிறு கோத்துத் தொங்கும் கண்ணாடி. பெரிய மருத்துவமனையில் பன்னிரண்டு வருடம் செவிலியராக இருந்துவிட்டு, அதை விட்டு, ஒரு சீன ஆசிரியரிடம் மூன்று வருடம் இந்த வைத்தியத்தைக் கற்றவர். "நான் டாக்டர் இல்ல" என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறார். யாரும் கேட்டபாடில்லை. டாக்டரம்மா என்றே அழைத்தார்கள். எங்களுக்கு வெறும் அம்மா.

நாற்பது நிமிடம் கேள்வியாகக் கேட்டார். வியர்வை எப்போது வரும், கால் சில்லென்று இருக்குமா, கனவு வருமா, கோபம் எந்த நேரத்தில் அதிகம் வரும், கோபம் வந்த பிறகு உடம்பில் எங்கே இறுகும். அண்ணன் முதலில் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார், பிறகு ஒரு வரியில் சொன்னார், கடைசியில் கேட்காததையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். செருப்பு விஷயத்தையும் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். "நாக்கை நீட்டுங்க" என்றார். லாரிக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அவர் நாக்கை நீட்டிக் காட்டி நான் பார்த்ததில்லை.

"எங்க பாடத்துல கோபத்தைக் கல்லீரலோட சேத்துச் சொல்வாங்க" என்றார் அம்மா.

"அப்ப என் மேல தப்பில்ல, எல்லாம் கல்லீரல் பண்ற வேலைன்னு வீட்டுல சொல்லிரலாமா?"

"சொல்லிப் பாருங்க. அவங்க கீழதான் இருக்காங்க, கூப்பிடட்டுமா?"

கட்டிலில் படுத்ததும் அண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "குத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குத்துங்கம்மா" என்றார்.

"ஏற்கெனவே நாலு போட்டாச்சு. இன்னும் மூணுதான்."

அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். காலில் இரண்டு, கையில் இரண்டு, முடியளவு மெல்லிய ஊசிகள் நின்றுகொண்டிருந்தன. அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டார். பத்து நிமிடத்தில் குறட்டை. திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த ஒரு பாட்டியம்மா, "யாரும்மா அது, பஸ்ஸு மேடு ஏறுற மாதிரி இருக்கு" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு முன்னறைக்கு ஓடினேன்.

கிளம்பும்போது அம்மா வெளிப்படையாகவே சொன்னார். "இது எல்லா நோயையும் தீக்கிற மந்திரம் இல்லைங்க. தூக்கம் சீராகலாம், கழுத்து இளகலாம். ஆறு தடவை பாப்போம். பிரயோஜனம் இல்லன்னா நானே போதும்னு சொல்லிருவேன்." இடது காதுமடலில் கடுகளவு விதைகள் மூன்றைப் பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டார். "கோபம் வர்றப்போ ஹாரனை அமுக்காம இதை அமுக்குங்க" என்றார்.

மறுநாளே அது வேலைக்கு வந்துவிட்டது. சந்தை முனையில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே நின்றது. நான் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறேன், அண்ணன் வலது கையால் இடது காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "டிரைவருக்குக் காது வலியா?" என்று ஒரு பயணி கேட்டார். "இல்லைங்க, பிரேக் போட்டுட்டிருக்கார்" என்றேன்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதல் இரண்டு வாரம் தூக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாவது வாரம் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன் என்றார், ஏதோ வெளிநாடு போய்வந்தவர் மாதிரி. எந்த ஷிஃப்ட்டாக இருந்தாலும் சாப்பாட்டு இடைவெளி மாறக் கூடாது, ஆறிய சோறு வேண்டாம், வண்டி எடுக்கும் முன் பத்து நிமிடம் கைகால்களை மெதுவாக அசைக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். டிப்போ வாசலில் இவர் கையைத் தூக்கித் தூக்கி இறக்குவதைப் பார்த்து மெக்கானிக்குகள் விசிலடித்தார்கள். இவர் பதிலுக்குத் திட்டவில்லை. அதுதான் மெக்கானிக்குகளுக்குக் கவலையாகிவிட்டது. "அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாச்சுமா?" என்று என்னிடம் வந்து கேட்டார்கள்.

ஒரு சாயங்காலம், செருப்பு வாசலில் கிடக்கும்போதே, மகள் அறையைவிட்டு வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாளாம். "அப்பா, காதுல என்ன அது?" என்று கேட்டாளாம். இவர் தலையைச் சாய்த்துக் காட்டினாராம். அவள் அந்த விதையை மெல்ல அமுக்கிப் பார்த்துவிட்டு, "வலிக்குதா?" என்றாளாம். இதை எனக்கு மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

ஒன்பதாவது செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன். டிக்கெட் இயந்திரத்தைப் பிடித்துப் பிடித்து என் மணிக்கட்டும் வலிக்க ஆரம்பித்திருந்தது. படியேறும்போது பேசிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "செருப்பு வாரு கழண்டுடுச்சு" என்று குனிந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேலே அம்மா துண்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தார்.

உள்ளே வழக்கம்போல் கட்டிலுக்குப் போனவரிடம், "முதல்ல இங்க உக்காருங்க" என்றார். "படியில ஏன் நின்னீங்க?"

"செருப்பு..."

"வாரே இல்லாத செருப்புங்க அது."

அண்ணன் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "ஒண்ணுமில்லம்மா. நாலஞ்சு நாளா மேடு ஏறினா தாடை இழுக்குது. பல்லா இருக்கும். இல்லன்னா இந்தக் கழுத்து வலி மேல ஏறியிருக்கும். நின்னா போயிருது. அங்க ஒரு ஊசி போட்டு விட்டீங்கன்னா..."

"இடது கையில ஏதாவது?"

"கொஞ்சம் மரத்த மாதிரி. ஸ்டியரிங் பிடிக்கிற கைதானே."

அம்மா நாடியைப் பிடித்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து போய் ஊசித் தட்டை எடுத்து மூடிவைத்தார்.

"இன்னிக்கு ஊசி இல்ல. நீங்க இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. நான் ஆம்புலன்சுக்கு ஃபோன் பண்றேன்."

அண்ணனுக்குப் பழைய ஹாரன் திரும்பிவிட்டது. "என்னம்மா விளையாடுறீங்களா? ஊசி போட வந்தவனை ஆம்புலன்ஸ்ல ஏத்துறீங்க! நாளைக்கு நாலே முக்கால் வண்டி என்னோடது. ரெண்டு ஊசி போடுங்க, வலி அடங்கிரும்."

"அடங்கினாலும் அடங்கிரும். எனக்கு அதுதான் பயம்."

அம்மா ஃபோனில் பேசியபடியே ஒரு தாளில் கடகடவென்று எழுதினார். நான் கீழே ஓடி அண்ணியைக் கூட்டிவந்தேன். லென்ஸ் துடைக்கும் துணியோடு அப்படியே வந்து நின்றார் அண்ணி. "ஏங்க, போங்க. எனக்காகப் போங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எழுந்து படிக்கட்டுப் பக்கம் நடக்கப்போன அண்ணனை அம்மா தடுத்தார். "நடக்க வேணாம். நாற்காலியோட தூக்குவாங்க."

மருத்துவமனையில், இதயத்துக்குப் போகும் முக்கியமான குழாயில் தொண்ணூறு சதவீதம் அடைப்பு என்றார்கள். அன்று மாலையே ஸ்டென்ட் வைத்தார்கள். இதய மருத்துவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, "யார் அனுப்பினது?" என்று கேட்டார். அக்குபஞ்சர் பார்க்கிறவர் என்று அண்ணி தயங்கித் தயங்கிச் சொன்னார். "நேரத்தோட அனுப்பியிருக்காங்க. அவங்களுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க" என்றார் அவர்.

மறுநாள் விடிகாலை நாலே முக்கால் வண்டியில் நான் போனேன். வேறு ஓட்டுநர். மேம்பாலத்தின் உச்சியில் ஏறி, வண்டி இறக்கத்துக்குத் திரும்பிய இடத்தில்தான் எனக்கு அது உறைத்தது. மேடு ஏறினால் தாடை இழுக்கிறது என்று அவர் சொன்னது நடந்து ஏறும் மேட்டை. ஆனாலும் இங்கே, இந்த இறக்கத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் சாய்ந்திருந்தால்? பேருந்துக்குள் பார்த்தேன். வேலை முடிந்து தூங்கிக்கொண்டு வரும் காவலாளி, மடியில் சாப்பாட்டுக் கூடையுடன் இரண்டு பெண்கள், பரீட்சைக்கு முணுமுணுத்துக்கொண்டே போகும் பள்ளிக்கூடப் பிள்ளை. கடைசிப் படியில் நான். எனக்கும் வீட்டில் இரண்டு குழந்தைகள். கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அண்ணனுக்கு அப்போது நன்றி வரவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். இனிப் பயணிகள் வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவக் குழு எழுதிக் கொடுத்துவிட்டது. டிப்போவின் கட்டுப்பாட்டு அறையில் வேலை போட்டார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று திரையில் பார்த்து வானொலிக் கருவியில் ஓட்டுநர்களிடம் பேசும் வேலை. "அந்தம்மா என் வண்டியைப் பிடுங்கிட்டாங்கடா" என்றார். அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது கைகள் தாமாக ஸ்டியரிங் திருப்புவதைப் பார்த்திருக்கிறேன். தூக்கம் மறுபடி போனது. மகள்தான் தினமும் காலையில் அவரை நடக்கக் கூட்டிக்கொண்டு போனாள். முதலில் தெருமுனைவரை, பிறகு பூங்காவரை, பிறகு பூங்காவை ஒரு சுற்று. "அவ நடக்கிறப்போ என்னென்னவோ பேசுறா. இவ்வளவு பேசுவாள்னே எனக்குத் தெரியாது" என்றார் ஒருநாள். அன்றைக்கு அவர் குரலில் கசப்பு இல்லை என்பதைக் கவனித்தேன்.

மூன்று மாதம் கழித்து, ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று இதய மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, அந்த இருபத்திரண்டு படிகளை நிற்காமல் ஏறினார். கதவருகில் நின்று, "உங்க மேல கோபமா இருந்தேம்மா" என்றார்.

"இருக்காதா பின்ன? உக்காருங்க."

"இப்ப இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க அன்னிக்கு..." கையெடுத்துக் கும்பிட்டார். ஊரையே அதட்டும் மனிதர் அப்படிக் கைகூப்பி நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான்தான் கேட்டேன். "நாடியிலயே தெரிஞ்சுதாம்மா?"

"நாடியும் சரியா இல்லதான். ஆனா நாடி மட்டும் சொல்லலை. எட்டு வாரம் அவர் பேசினதைக் கேட்டிருக்கேன். எட்டு வாரமும் படியில நிக்காம ஏறினவர். ஒன்பதாவது வாரம் நின்னார். அப்புறம் பொய் சொன்னார்." சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். "வார்டுல இருந்தப்போ ஒரு நோயாளி, 'சிஸ்டர், ஒரு நிமிஷம்'னார். இருபத்தெட்டு கட்டில் அன்னிக்கு எனக்கு. 'இதோ வரேன்'னு போனேன். திரும்பி வந்தப்போ அவர் இல்லை. என்ன சொல்ல வந்தார்னு இன்னிவரைக்கும் தெரியாது. ஒரு ஆளுக்கு நாற்பது நிமிஷம் கிடைக்கிற வேலை வேணும்னுதான் இதுக்கு வந்தேன். அன்னிக்கு நீங்க அடம்பிடிச்சுக் கிளம்பிப் போயிருந்தீங்கன்னா என்னால தாங்கியிருக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனீங்க பாருங்க, அதுக்கு நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்."

அண்ணன் மருத்துவரின் சீட்டை நீட்டினார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதால் ஊசி குறைவாகத்தான் போடுவேன், மூலிகை எதுவும் தர மாட்டேன், மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது என்றார். "இங்க தூக்கத்துக்கும் நிம்மதிக்கும்தான் வர்றீங்க. இதயத்துக்கு அந்த டாக்டர்தான்" என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அண்ணன் வேலை. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தால் நூற்றுப்பத்து ஓட்டுநர்களின் குரலும் காதில் விழும். யார் தூங்காமல் வந்திருக்கிறான், யார் எரிந்து விழுகிறான் என்று அவருக்குக் குரலிலேயே தெரியும். அவர் கடந்துவந்த பாதை ஆயிற்றே. மேலாளரிடம் நாலைந்து முறை போய் நின்றார். அம்மா வந்து ஓட்டுநர்களுக்கு ஊசி போட ஓய்வறையை வாரத்தில் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கினார். அம்மாவும் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: முதலில் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவேன், ரத்த அழுத்தம் பார்ப்பேன், நான் மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் போக வேண்டும்.

இப்போது வியாழக்கிழமை மதியங்களில் எங்கள் ஓய்வறையைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். தொண்டை கிழியக் கத்தும் ஆட்கள் பன்னிரண்டு பேர், காதுமடலில் ஐந்தைந்து சிறு ஊசிகளோடு, கையை மடியில் வைத்துக்கொண்டு, பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். சிலருக்குத் தூக்கம் வந்திருக்கிறது. சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் வருகிறார்கள். அந்த அரை மணி நேரம் யாரும் எங்கேயும் போகச் சொல்வதில்லையே. இதுவரை மூன்று பேரை அம்மா ஊசி போடாமல் மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார். ஒருவருக்குச் சர்க்கரை எக்கச்சக்கம், ஒருவருக்கு அழுத்தம். மூன்றாமவருக்கு ஒன்றுமே இல்லை, அவர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனைப் போலக் கும்பிட்டுப் பார்த்தேன், "போங்க தம்பி" என்று சிரித்துவிட்டார். அதனால் வியாழக்கிழமைகளில் அவர் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே போய், பன்னிரண்டு நாற்காலிகளையும் ஈரத்துணியால் துடைத்து, வட்டமாகப் போட்டுவைக்கிறேன். அந்த வேலையை மட்டும் வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.